எச்.ஐ.வி.யை முற்றும் ஒழித்தல் ஏன் அரிது?

"பத்து ஆண்டுகளாக மருந்து உண்டு வருகின்றேன். என் இரத்தத்தில் வைரஸ் காணப்படவில்லை என்று பரிசோதனையும் கூறுகின்றது. இனி மருந்தை நிறுத்திவிடலாம் அன்றோ?"

எச்.ஐ.வி. தொற்றுடையோரிடையே பணிபுரியும் சுகாதாரப் பணியாளர் இவ்வினாவை அடிக்கடி எதிர்கொள்கின்றனர். "கூடாது" என்பதே இதற்குரிய விடை. ஆயின் அந்த ஒரு சொல் மட்டும் போதுமானதன்று. காரணம் அறியாமல் ஒரு கட்டளைக்குப் பணிபவர், உடல் நலமாக இருக்கும் நாளில் அக்கட்டளையை மறந்துவிடுவது இயல்பு. "முற்றிலும் குணமாக்கும் அரிய மருந்து எம்மிடம் உண்டு" என்று எவரேனும் வந்து கூறுவாராயின், அவர் பின்னே செல்லவும் கூடும். ஆதலின், இந்நோய்க்கு முழுக் குணம் இன்னும் எல்லோருக்கும் கிட்டாதிருப்பதன் காரணத்தைப் பணியாளரும் ஆசிரியரும் தாமே தெளிவாக உணர்ந்து, பிறர்க்கு எளிய முறையில் விளக்கும் ஆற்றல் பெறுதல் வேண்டும். அதற்குத் துணை புரிவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோய் அறியப்பட்ட வரலாறு

1981-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், அதுவரை நல்ல உடல்நலத்துடன் இருந்த இளைஞர் ஐவர்க்கு அரியதொரு நுரையீரல் அழற்சி கண்டிருப்பதாக அறிவிக்கப்பட்டது. நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியவரையே பற்றும் நோய் அது. 1983-ல் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசி, லூக் மோந்தானியே ஆகியோர் இதற்குக் காரணமான வைரஸைக் கண்டறிந்தனர். இக்கண்டுபிடிப்புக்காக 2008-ல் அவர்களுக்கு நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

இந்தியாவில் இத்தொற்று முதன்முதலாக 1986-ல் சென்னையில் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும், அவரிடம் பயின்ற டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் இப்பணியைச் செய்தனர். இன்று இந்நாட்டில் 25 லட்சத்திற்கு மேற்பட்டோர் இத்தொற்றுடன் வாழ்கின்றனர் என்பது மதிப்பீடு. வயது வந்தோரில் இது ஏறத்தாழ 0.2 சதவீதமாகும். உலகம் முழுவதிலும் 4 கோடி அளவினர் உள்ளனர்.

வைரஸ் உடலினுள் செய்வது யாது?

எச்.ஐ.வி. மிக நுண்ணியது. அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறாக்கியதில் ஏறக்குறைய ஒரு கூறு. அதன் பரம்பரைச் செய்தி ஆர்.என்.ஏ. என்னும் பொருளில் அமைந்துள்ளது. அச்செய்தியின் நீளம் 10,000 எழுத்துகளுக்கும் குறைவு. அதிலடங்கிய மரபணுக்களோ ஒன்பதே.

இவ்வைரஸ் நமது இரத்தத்திலும் நிணநீர்க் கணுக்களிலும் உள்ள சி.டி.4 வெள்ளணுக்களைத் தேடிப் பற்றுகின்றது. உடலின் நோயெதிர்ப்புப் படைக்கு ஆணையிடும் தலைவர்கள் இவ்வணுக்களே. திருடன் வீட்டில் நுழைவது ஒன்று; காவல் நிலையத்திலேயே குடிபுகுவது மற்றொன்று. எச்.ஐ.வி. செய்வது இரண்டாவது செயல். வெள்ளணுவின் மேற்புறத்திலுள்ள சி.டி.4 என்னும் புரதத்தை முதலிற் பற்றிக்கொண்டு, பின்னர் சி.சி.ஆர்.5 போன்ற மற்றொரு புரதத்தைத் துணையாகக் கொண்டு, அஃது உள்ளே நுழைகின்றது.

நுழைந்த பின் நிகழ்வதுதான் நம் பாடத்தின் உயிர்நாடி. உயிரணுக்களில் டி.என்.ஏ.யினின்று ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுவதே வழக்கம். இவ்வைரஸ் அவ்வழக்கத்தைத் தலைகீழாக்கித் தன் ஆர்.என்.ஏ.யைக் கொண்டு டி.என்.ஏ.யை ஆக்குகின்றது. இதற்குரிய நொதியைச் சில விலங்கு வைரஸ்களில் 1970-ல் ஹோவர்ட் டெமின், டேவிட் பால்டிமோர் என்னும் இருவர் தனித்தனியே கண்டறிந்திருந்தனர். இவ்வாறு உண்டாகிய டி.என்.ஏ.யை மற்றொரு நொதி கொண்டுபோய், வெள்ளணுவின் சொந்த டி.என்.ஏ.யை வெட்டி அதன் நடுவே பொருத்திவிடுகின்றது.

வகுப்பில் இதனை விளக்கும் ஆசிரியர் பின்வரும் உவமையைக் கூறலாம். தாலுகா அலுவலகத்திலுள்ள பெரியதொரு பதிவேட்டில், அதே காகிதம், அதே மை, அதே எழுத்து ஆகியவற்றால் ஆன ஒரு பொய்யான தாளை ஒருவன் இடையே சேர்த்துத் தைத்துவிட்டான் எனக் கொள்வோம். அப்பதிவேட்டைப் படியெடுக்கும் ஒவ்வொரு முறையும் பொய்த்தாளும் உடன் படியெடுக்கப்படும். மனித டி.என்.ஏ.யின் ஒரு தொகுதி ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்ட பதிவேடு. அதில் 10,000 எழுத்துக்கும் குறைவான ஒரு தாளை, பிற தாள்களுக்குச் சேதமின்றிக் கோடிக்கணக்கான அணுக்களில் தேடிக் கிழித்தெறிவது எளிய செயலா என்பதை மாணவரே எண்ணிப் பார்க்கட்டும்.

மருந்துகள் செய்வதும் செய்யாததும்

எச்.ஐ.வி.க்கு முதலாவதாக அங்கீகாரம் பெற்ற மருந்து 1987-ல் வந்த ஏ.இசட்.டி. ஆகும். தனியொரு மருந்தாகக் கொடுக்கப்பட்ட அதன் பயன் நீடிக்கவில்லை. காரணம் இவ்வைரஸின் மாறும் தன்மை. படியெடுக்கும் நொதி பிழை மலிந்தது. சராசரியாக மூன்று பிரதிகளுக்கு ஒன்று என்னும் அளவில் பிழை நேர்கின்றது. சிகிச்சை பெறாத ஒருவர் உடலிலோ நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் கோடி வைரஸ் துகள்கள் உண்டாகின்றன. இத்துணைப் பெருங்கூட்டத்தில், அம்மருந்துக்கு அடங்காத மாறுபட்ட வைரஸ் ஏதேனும் இருந்தே தீரும். மற்றவை மருந்தால் அடங்க, அதுமட்டும் பெருகி இடத்தை நிரப்பிக்கொள்ளும்.

1996 முதல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுச் சிகிச்சை பரவியது. வெவ்வேறான மூன்று மருந்துகளையும் ஒருங்கே எதிர்க்கத்தக்க மாறுதல்கள் அனைத்தும் ஒரே துகளில் அமைவது மிக அரிது. ஆதலின் வைரஸ் அடங்கியது. சாகுந்தறுவாயில் இருந்தோர் எழுந்து நடந்தனர். இந்திய அரசு 2004-ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் இச்சிகிச்சையை இலவசமாக வழங்கத் தொடங்கியது. 2017 முதல், சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கை எதுவாயினும், தொற்றுடையோர் அனைவருக்கும் உடனே சிகிச்சை தொடங்கப்பெறுகின்றது. பெரும்பாலோர்க்கு இன்று மூன்று மருந்துகளும் அடங்கிய ஒரே மாத்திரை, நாளைக்கு ஒரு வேளை போதுமானது.

எனினும் ஒன்றை இங்கு நன்கு மனத்திற்கொள்ள வேண்டும். இம்மருந்துகள் யாவும், வைரஸ் தன் வாழ்க்கைச் சுற்றில் ஏதேனும் ஒரு படியை நிறைவேற்றும்போது அப்படியைத் தடுப்பவை. படியெடுக்கும் நொதியை ஒன்று தடுக்கும். பொருத்தும் நொதியை மற்றொன்று தடுக்கும். ஏற்கனவே பொருத்தப்பட்டு, யாதொரு செயலுமின்றி அமைதியாகக் கிடக்கும் வைரஸ் டி.என்.ஏ.யிடத்து இவற்றிற்கு வேலையே இல்லை.

உறங்கும் அணுக்கள்

நம் உடலில் நினைவணுக்கள் என்னும் ஒருவகை வெள்ளணுக்கள் உள்ளன. ஒருமுறை வந்த நோயை நினைவிற்கொண்டு, அந்நோய் மீண்டும் வருமளவும் பல்லாண்டுகள் அவை உறங்கிக் காத்திருக்கும். எச்.ஐ.வி.யின் டி.என்.ஏ. இத்தகைய அணுக்களிலும் இடம்பெற்று விடுகின்றது. அணு உறங்கும்வரை வைரஸும் உறங்கும். அப்போது வைரஸின் புரதம் எதுவும் உண்டாவதில்லை. ஆகவே உடலின் காவற்படைக்கு அவ்வணுவைப் பிற நல்ல அணுக்களினின்று பிரித்தறிய வழியில்லை. மருந்துக்கும் பற்றுக்கோடு இல்லை.

1997-ல் ஒரு நம்பிக்கை நிலவியது. கூட்டுச் சிகிச்சையை மூன்று ஆண்டுகள் அளவில் தொடர்ந்து அளித்தால் வைரஸ் முற்றும் அழியக்கூடும் என ஆராய்ச்சியாளர் சிலர் கணக்கிட்டனர். அதே ஆண்டில் மூன்று ஆராய்ச்சிக் குழுவினர், சிகிச்சையால் இரத்தத்தில் வைரஸ் காணப்படாத நோயாளிகளிடமிருந்தும் உறங்கும் அணுக்களைப் பிரித்தெடுத்து, ஆய்வுக்கூடத்தில் அவற்றைத் தூண்டினர். உயிருள்ள வைரஸ் வெளிப்பட்டது. உறங்கும் சி.டி.4 அணுக்கள் பத்து லட்சத்தில் ஒன்று என்னும் அளவிலேயே அத்தகைய அணு இருந்தது. ஆயினும் அதுவே போதும். மருந்தை நிறுத்திய பின் பெரும்பாலோர்க்கு இரண்டு மூன்று வாரங்களில் வைரஸ் மீண்டும் பெருகிவிடுகின்றது.

கிராமப்புறத்தில் பேசுவோர் கோரைப்புல்லை உவமையாகக் கொள்ளலாம். நிலத்தின் மேலுள்ள கோரையை எத்துணை முறை அரிந்தாலும், மண்ணினுள் கிழங்கு கிடக்கும்வரை அது மீண்டும் தழைக்கும். நாள்தோறும் அரிந்து வருபவரின் வயல் தூய்மையாகவே இருக்கும், பயிர் செழிக்கும், கோரை அண்டை வயலுக்கும் பரவாது. அரிவதை நிறுத்தினால் பழைய நிலை திரும்பும். பரிசோதனையில் வைரஸ் காணப்படவில்லை என்பதன் பொருள், வயலின் மேற்பரப்பில் கோரை இல்லை என்பதே. கிழங்கும் இல்லை என்பது அதன் பொருள் அன்று.

கரும்பலகையில் ஒரு கணக்கு

சிகிச்சையைப் பல்லாண்டு தொடர்ந்தால் உறங்கும் அணுக்கள் தாமே மடிந்து தீராவோ என்ற ஐயம் எழலாம். அவை சிகிச்சையின்போது ஏறத்தாழ 44 மாதங்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகின்றன என்று ஆய்வுகள் காட்டின. ஒருவர் உடலில் அத்தகைய அணுக்கள் 10 லட்சம் உள்ளன எனக் கொள்வோம். அதனைப் பாதி, பாதியாகக் குறைத்துக்கொண்டே சென்றால், ஒரே அணுவாக எஞ்சுதற்கு 20 முறை பாதியாக்க வேண்டும். 20-ஐ 44-ஆல் பெருக்க 880 மாதங்கள். அதாவது 73 ஆண்டுகள் 4 மாதங்கள். ஒரு மனிதர் ஆயுளே முடிந்துவிடும்.

பிற்கால ஆய்வுகள் இதனினும் கடினமான ஓர் உண்மையைக் காட்டின. வைரஸைத் தாங்கிய அணுக்களுட் சில தாமே இரண்டாகவும் நான்காகவும் பிளந்து பெருகுகின்றன. அணு பிளவுறுங்கால் அதனுள்ளிருக்கும் வைரஸ் டி.என்.ஏ.யும் உடன் படியெடுக்கப்படுகின்றது. இதனால் மடியும் அணுக்களின் இடம் ஓரளவு நிரப்பப்பட்டுவிடுகின்றது.

ஈரல் அழற்சி வைரஸுடன் ஓர் ஒப்பீடு

"வைரஸ் நோய் எதனையும் மருந்தால் குணமாக்க முடியாது போலும்" என்று எவரும் முடிவு கட்டலாகாது. ஹெபடைட்டிஸ்-சி என்னும் ஈரல் அழற்சி வைரஸும் ஆர்.என்.ஏ. வைரஸே, அதுவும் விரைந்து மாறும் இயல்புடையது, பல்லாண்டு உடலில் தங்குவது. எனினும் 2013-க்குப்பின் வந்த மாத்திரைகளை 12 வாரம் அளவில் உண்டு, 100-க்கு 90-க்கு மேற்பட்டோர் முற்றும் குணமடைகின்றனர். வேறுபாடு எங்குளது? ஹெபடைட்டிஸ்-சி வைரஸ் டி.என்.ஏ.யாக மாறுவதில்லை, அணுவின் பதிவேட்டில் தன்னைத் தைத்துக்கொள்வதும் இல்லை. பெருகுவது தடுக்கப்பட்டால் அதன் கதை முடிந்தது. எச்.ஐ.வி.க்கோ பதிவேட்டில் நிலையான இடம் உண்டு. நோய் தீராமையின் மூலகாரணம் இதுவே என்பது இவ்வொப்பீட்டால் தெளிவாகும்.

குணமடைந்த சிலர்

இதுவரை எவருமே குணமடைந்ததில்லை என்று கூறுவதும் தவறு. பெர்லின் நகரில் வாழ்ந்த திமொதி ரே பிரவுன் என்பார்க்கு எச்.ஐ.வி. தொற்றுடன் இரத்தப் புற்றுநோயும் இருந்தது. 2007-லும் 2008-லும் அவர்க்கு மற்றொருவரின் குருத்தணுக்கள் மாற்றிப் பொருத்தப்பட்டன. அவற்றைக் கொடுத்தவர், சி.சி.ஆர்.5 புரதம் பிறவியிலேயே அமையப்பெறாதவராக மருத்துவரால் ஆராய்ந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர். வாயில் இல்லாத வீட்டினுள் வைரஸ் நுழைவது எங்ஙனம்? பிரவுன் மருந்தின்றி வாழ்ந்தார். 2020-ல் அவர் இறந்தது புற்றுநோய் மீண்டதால், எச்.ஐ.வி.யால் அன்று. 2024-ஆம் ஆண்டு வரை உலகில் ஏழு பேர் அளவில் இத்தகைய மாற்றுச் சிகிச்சையால் குணமடைந்ததாக அறிவிக்கப்பட்டுள்ளது.

ஆயின் இவ்வழி எல்லோர்க்கும் உரியதன்று. இம்மாற்றுச் சிகிச்சையில் உயிர்ச்சேதம் கணிசமானது. வேறு வழியற்ற புற்றுநோயாளர்க்கே அது தகும். சி.சி.ஆர்.5 அமையாதோர் வட ஐரோப்பியரிடையே நூற்றுக்கு ஒருவர் அளவினர். இந்தியரிடையே மிக மிக அரியர். ஒரே மாத்திரையால் நலமாக வாழக்கூடிய ஒருவரை இத்தகைய ஆபத்துக்கு உட்படுத்துவது அறமாகாது.

ஏமாற்றமளித்த நிகழ்ச்சிகளும் உண்டு. அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தில் 2010-ல் தொற்றுடன் பிறந்த ஒரு குழந்தைக்கு ஏறக்குறைய 30 மணி நேரத்திற்குள் சிகிச்சை தொடங்கப்பட்டது. பின்னர் மருந்து நின்றுபோய் 27 மாதங்கள் வரை வைரஸ் வெளிப்படவில்லை. குழந்தை குணமடைந்ததாகவே 2013-ல் கருதினர். 2014-ல் வைரஸ் மீண்டது. பாஸ்டன் நகரத்து நோயாளிகள் இருவர்க்குக் குருத்தணு மாற்றிய பின் வைரஸின் சுவடே தென்படவில்லை. மருந்தை நிறுத்தினர், ஒருவர்க்கு 12 வாரங்களிலும் மற்றவர்க்கு 32 வாரங்களிலும் வைரஸ் திரும்பிவிட்டது. இருக்கும் கருவிகளுள் மிக நுட்பமானவையும் காணாத இடத்தில் வைரஸ் மறைந்திருக்கக்கூடும் என்பதே இவற்றால் நாம் பெறும் பாடம்.

ஆராய்ச்சி செல்லும் வழிகள்

இன்றைய முயற்சிகளை மூவகையாகப் பகுக்கலாம். முதலாவது, உறங்கும் அணுக்களை மருந்தால் எழுப்பி, வெளிப்படும் வைரஸுடன் அவ்வணுக்களையும் அழித்தல். 2012 முதல் நடந்த சோதனைகளில் அணுக்களை எழுப்ப முடிந்தது. எழுந்த அணுக்கள் போதிய அளவு மடியவில்லை. இரண்டாவது, அதற்கு மாறாக, வைரஸ் என்றும் எழாதவாறு ஆழ்ந்த உறக்கத்தில் பூட்டிவிடுதல். மூன்றாவது, மரபணுவைத் திருத்தும் கருவிகளால் வைரஸ் டி.என்.ஏ.யை வெட்டி நீக்குதல், அல்லது நோயாளியின் சொந்த அணுக்களிலேயே சி.சி.ஆர்.5 அமையாதவாறு செய்தல். இவற்றுள் எதுவும் இன்னும் சிகிச்சையாக வழங்கும் நிலைக்கு வரவில்லை.

தடுப்பூசித் துறையிலும் தடை அதே மாறும் இயல்பே. தாய்லாந்தில் நடந்து 2009-ல் முடிவு வெளியான சோதனை 31 சதவீத அளவே காப்பளித்தது. தென்னாப்பிரிக்காவில் நடந்த சோதனை பயனின்மையால் 2020-ல் நிறுத்தப்பட்டது. ஆயினும் தடுப்பு மருந்தில் பெரிய முன்னேற்றம் உண்டு. ஆறு மாதத்திற்கு ஒருமுறை ஊசிவழிச் செலுத்தும் லெனகாபவிர் என்னும் மருந்தை, தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் தொற்றில்லாத 2,134 பெண்களுக்குக் கொடுத்த சோதனையில் ஒருவர்க்கும் தொற்று ஏற்படவில்லை என 2024-ல் அறிவிக்கப்பட்டது. இது நோயைத் தடுக்கும் மருந்தேயன்றிக் குணமாக்கும் மருந்தன்று என்பதைப் பணியாளர் வேறுபடுத்திக் கூறுதல் வேண்டும்.

பணியாளர்க்குச் சில குறிப்புகள்

முதல் வினாவுக்கு மீள்வோம். மருந்தை இடையிடையே நிறுத்திப் பார்க்கலாமா என்பதையும் அறிவியல் சோதித்துள்ளது. 33 நாடுகளில் 5,472 பேரிடம் நடந்த ஆய்வில், நிறுத்தி நிறுத்தி மருந்துண்டோர்க்குக் கடும் நோயும் மரணமும் நேரும் வாய்ப்பு, தொடர்ந்து உண்டோரைப்போல் இரு மடங்குக்கு மேல் இருந்தது. அதனால் அவ்வாய்வு 2006-ல் நிறுத்தப்பட்டது. எனவே மருந்தை நிறுத்தலாகாது என்பது வெறும் எச்சரிக்கையன்று, அளந்தறிந்த உண்மை.

அதனுடன் நற்செய்தியையும் கூறுக. மருந்தை ஒழுங்காக உண்டு, பரிசோதனையில் காணப்படாத அளவுக்கு வைரஸைத் தொடர்ந்து அடக்கி வைத்திருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவுவதில்லை. கருவுற்ற தாய்க்குச் சிகிச்சை அளிக்காவிடில் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். தக்க சிகிச்சையால் அது 5 சதவீதத்திற்கும் கீழே குறையும். முழுக் குணம் இல்லை என்பது வாழ்வு இல்லை என்பதாகாது. நீரிழிவுடையோர் நாள்தோறும் மருந்துண்டு வாழ்வது போன்றே இதுவும்.

வைரஸ் அளவுப் பரிசோதனையும், தொற்று உண்டா என அறியும் முதற் பரிசோதனையும் வெவ்வேறானவை. முன்னது வைரஸை அளக்கும். பின்னது உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளைக் காட்டும். நன்கு சிகிச்சை பெறுவோர்க்கும் பின்னது தொற்றுண்டு என்றே காட்டும். இதனால் குழம்புவோர்க்கு அமைதியாக விளக்குக.

முழுக் குணம் தருவதாக விளம்பரம் செய்வோரைக் குறித்து மக்களை எச்சரித்தல் வேண்டும். குணமாக்குவதாக உரிமை கொண்டாடலாகாத நோய்களின் பட்டியலில், மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணை எய்ட்ஸைச் சேர்த்துள்ளது. ஏமாந்து மருந்தை நிறுத்தியவரைக் கடிந்துகொள்ளற்க. காலந்தாழ்த்தாது மீண்டும் சிகிச்சை மையத்துக்கு அழைத்துச் செல்க. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டப்படி ஒருவரின் தொற்று நிலையைப் பிறர்க்கு வெளியிடுவதும், அதுபற்றி அவரை வேறுபடுத்தி நடத்துவதும் தடைசெய்யப்பட்டவை. தமிழ்நாட்டில் நம்பிக்கை மையம் என வழங்கும் ஆலோசனை, பரிசோதனை மையங்களிலும், 1097 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் வழிகாட்டுதல் பெறலாம்.

சுருங்கக் கூறின், எச்.ஐ.வி. மனித அணுவின் டி.என்.ஏ.யில் கலந்து உறங்குவதாலும், இடையறாது மாறுவதாலும் அதனை வேரோடு களைவது அரிதாயிற்று. அடக்கி வைப்பதோ நம் கையில் உள்ளது. பத்து லட்சத்தில் ஓர் அணுவைத் தேடும் பணியை ஆராய்ச்சியாளர் தொடர்வர். அவர்கள் வெற்றி பெறும் நாளளவும், மாத்திரையைத் தவறாது உண்ணும் ஒவ்வொருவரும் நலத்துடன் வாழத் துணை நிற்பது களப்பணியாளரின் கடமை.

கலந்துரையாடலுக்குரிய வினாக்கள்

1. எச்.ஐ.வி.க்கும் ஹெபடைட்டிஸ்-சி வைரஸுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு யாது? குணமாகும் வாய்ப்பை அஃது எவ்வாறு பாதிக்கின்றது?

2. உறங்கும் அணுக்கள் 44 மாதங்களுக்குப் பதிலாக 6 மாதங்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறையுமாயின், 10 லட்சம் அணுக்கள் ஒன்றாகக் குறைய எத்தனை ஆண்டுகள் ஆகும்?

3. "வைரஸ் காணப்படவில்லை", "வைரஸ் இல்லை" என்னும் இரு தொடர்களுக்கும் உள்ள பொருள் வேறுபாட்டை ஒரு நோயாளிக்கு விளக்குவது போல உம் சொற்களில் கூறுக.